பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு தொட்டில்



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், ஏழு மாதக் கர்ப்பிணியான ஓர் இளம் சகோதரி என் அருகில் வந்து, "அக்கா, ஒரு காரியத்துக்காக நீங்கள் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும்" என்றார். பிரசவத்தைக் குறித்த பயமாயிருக்கும் என்று எண்ணினேன். அதுவல்ல. அவருடைய கணவர் வேலை செய்யும் அலுவலகத்தில் மேலதிகாரியின் வீட்டுக்குச் சென்றிருந்தாராம். அங்கே குழந்தைக்கென்று தனி அறை, மரத்தொட்டில், தள்ளுவண்டி, வாக்கர், உயர்ந்த நாற்காலி எல்லாம் இருந்தனவாம். நம் பிள்ளைக்கும் குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று, மாதத் தவணையில் அத்தனையும் வாங்க அவர் கடையில் பேசி வைத்துவிட்டார். ஊரிலிருக்கும் மாமியாரோ, பிள்ளை பிறக்குமுன் ஒரு துணிகூட வாங்கக்கூடாது, வெறும் தொட்டில் வீட்டில் இருக்கவே கூடாது என்கிறார். குடியிருப்பதோ கோலிவாடாவில் பத்துக்குப் பன்னிரண்டு வாடகை அறை. சுவரிலோ கூரையிலோ ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. "எது தேவ சித்தம் அக்கா?" என்று கேட்டபோது அந்தச் சகோதரியின் கண்கள் கலங்கியிருந்தன.

இருவருமாக முழங்கால்படியிட்டு ஜெபித்தோம். எழுந்த பின்பு, "வீட்டில் அளக்கிற டேப் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

மும்பையிலும், தில்லியிலும், அகமதாபாத்திலும், பெங்களூரிலும் பிழைக்க வந்திருக்கிற நம்முடைய குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. சாலில் ஓர் அறை, அல்லது குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் கிடைத்த ஒரு சிறு வீடு. அத்திட்டத்தில் முதலில் 225 சதுர அடியும், பின்னர் 269-உம், இப்போது 300-உம் என்று அளவு சற்றுச் சற்றாகக் கூடியிருக்கிறது. அதற்குள்ளே பீரோ, ஓட்டா, மோரி, தண்ணீர் டிரம், தையல் இயந்திரம், ஊரிலிருந்து வந்து வேலை தேடும் மைத்துனர் ஒருவர். இதன் நடுவே ஒரு குழந்தை வருகிறது. கடைக்காரர் காட்டும் படத்தில் இருக்கிற அறை நம்முடைய அறை அல்ல என்பதை முதலாவது மனதில் வையுங்கள்.

நான் சொன்ன வழி மிகவும் எளியது. வாங்க நினைக்கும் பொருளின் நீள அகலத்தைக் கடையில் கேட்டு, அந்த அளவுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டி, வீட்டுத் தரையில் விரித்துப் போடுங்கள். இரண்டு நாள் அதை எடுக்காதிருங்கள். முழு அளவு மரத்தொட்டில் ஏறத்தாழ 28 அங்குல அகலமும் 52 அங்குல நீளமும் உடையது. அதாவது பத்துச் சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் மொத்தப் பரப்பே 120 சதுர அடி. பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது! பீரோவின் கதவு திறக்குமா, சமைக்கிறவள் திரும்ப முடியுமா, இரவில் எழுந்து மோரிக்குப் போகிறவர் எதில் இடித்துக்கொள்வார் என்பதெல்லாம் அந்தச் செய்தித்தாள் உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சகோதரியின் கணவர் முதல் நாள் இரவு பாயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, "அப்படியானால் நான் எங்கே படுப்பது?" என்று கேட்டாராம். நான் செய்யக்கூடிய எந்த ஆலோசனையும் அவ்வளவு வேலை செய்திருக்காது.

வாசற்படி, மாடிப்படி, கலி ஆகியவற்றின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். செங்குத்தான இரும்பு ஏணி வழியாக மேல்மாளாவுக்கு ஏறும் வீடுகளில், கடையிலிருந்து வந்த பெட்டி கீழே கலியிலேயே நின்றுபோனதை நான் கண்டிருக்கிறேன்.

இனிக் குழந்தை படுக்கும் இடத்துக்கு வருவோம். மற்ற எல்லாவற்றிலும் தவறு செய்தால் பணம்தான் போகும், இதில் அப்படியல்ல. ஆகையால் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள்.

ஒரு வயது நிறையும்வரை குழந்தையை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். பகல் தூக்கமானாலும் இரவுத் தூக்கமானாலும் சரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 1992-ல் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அதன்பின் தூக்கத்தில் காரணமின்றி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை அந்நாட்டில் வெகுவாய்க் குறைந்தது. படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கையால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும் பஞ்சு மெத்தை ஆகாது. தலையணை வேண்டாம், தலை உருண்டையாக வரும் என்று இங்கே விற்கிற கடுகுத் தலையணையும் வேண்டாம். விழித்திருக்கும்போது உங்கள் கண் முன்னே சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூங்கும்போது ஒருநாள் வலப்புறமும் ஒருநாள் இடப்புறமும் தலை திரும்பியிருக்கும்படி பாருங்கள். தட்டையான தலை பெரும்பாலும் தானாகவே சீராகும். தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, கரடி பொம்மை, கனத்த போர்வை ஆகிய யாவும் முகத்தை மூடக்கூடியவை. பஞ்சுத் தடுப்பும், சாய்வாகத் தூங்க வைக்கும் படுக்கையும் 2022-ல் அமெரிக்காவில் சட்டத்தினாலேயே தடை செய்யப்பட்டன. நம் கடைகளில் தொட்டிலோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். இலவசம் என்பதற்காக எடுத்து வராதீர்கள்.

தில்லியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தை மாதக் குளிரில் கனத்த ரஜாயைக் குழந்தையின்மேல் போடாதிருங்கள். துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திவிடுங்கள். அறையை மூடிக்கொண்டு கரி அடுப்பு மூட்டுவது பெரியவர்களையே கொல்லும்.

நம் வீடுகளில் எல்லோரும் தரையில் வரிசையாகப் படுக்கிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் 1 இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்தில் சாலொமோன் ராஜாவுக்கு முன்பாக நின்ற இரண்டு தாய்மாரின் வழக்கு எப்படித் தொடங்கியது என்பதை நாம் கவனிப்பதில்லை. ராஜாவின் ஞானத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இராத்தூக்கத்தில் தாய் தன் பிள்ளையின்மேல் புரண்டதினால் அது செத்துப்போயிற்று என்ற ஆரம்பத்தை ஒருவரும் நிறுத்திப் பேசினதில்லை. அவள் தன் பிள்ளையை நேசிக்காதவள் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அவள் களைத்துத் தூங்கினாள், அவ்வளவே. ஆகையால் குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனக்கென்று ஒரு சிறிய கெட்டியான படுக்கையில் படுக்கட்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே வேண்டாம். மூத்த பிள்ளையின் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தூக்கம் வரும் மருந்து சாப்பிட்டவர்கள் அன்றிரவு தள்ளிப் படுக்க வேண்டும்.

தரையில் ஈரமும் எறும்பும் எலியும் உண்டு, மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம் என்பீர்கள். உண்மைதான். நாலைந்து அங்குல உயரத்தில் ஒரு பலகை மேடையைத் தச்சரிடம் செய்வித்து, அதன்மேல் மெத்தையைப் போட்டு, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் முக்கால் பங்கு தொல்லை தீர்ந்தது. குடைபோல் விரியும் சின்ன வலை மலிவாகக் கிடைக்கிறது. குழந்தை புரளத் தொடங்கியபின் அதன் முகம் வலையோடு ஒட்டாதபடி பெரிய வலைக்கு மாற வேண்டும். டெங்கு கொசு பகலிலே கடிக்கிறது; ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை தேவை. மூடிய அறைக்குள் கொசுவர்த்திச் சுருளின் புகையைக் குழந்தை சுவாசிப்பதைவிட வலை எவ்வளவோ மேல். நான் கேட்டால் எல்லாவற்றுக்கும் முதலாவது வலையை வாங்கு என்பேன்.

பின்லாந்து தேசத்தைப் பற்றி ஒரு செய்தி. அங்கே 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அரசாங்கம் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குழந்தைத் துணிகளைக் கொடுத்து வருகிறது. துணிகளை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் மெல்லிய மெத்தையோடு அந்தப் பெட்டியையே பிள்ளையின் முதல் படுக்கையாக வைத்துக்கொள்ளும் வீடுகள் அங்கே அநேகம். அது செல்வமுள்ள தேசம். யோகெபேத் பிசின் பூசின நாணற்பெட்டியில் மோசேயை வைத்தாள். மரியாள் முன்னணையில் கிடத்தினாள். தவணை கட்டிக் தொட்டில் வாங்காததினால் பிள்ளையின் மேன்மை குறைந்துபோவதில்லை என்பதற்காக இதைச் சொல்லுகிறேன்.

இருந்தாலும் மரத்தொட்டில் வாங்க இடமும் வசதியும் உள்ளவர்கள் வாங்கலாம், தவறில்லை. சிறிய அளவில், மடித்து வைக்கத்தக்கதாக, சக்கரத்துக்குப் பூட்டு உள்ளதாகத் தேடுங்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்கு மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். கடைக்குத் தையல் டேப்பை எடுத்துச் செல்லுங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக்கூடாது. ஒரு பக்கத்துச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகைத் தொட்டில்களில் அந்தச் சட்டம் கழன்று பல குழந்தைகள் சிக்கி இறந்ததினால், 2011-ல் அமெரிக்காவில் அவற்றை விற்பதே தடை செய்யப்பட்டது. இங்கே பழைய சாமான் கடைகளில் அவை இன்னும் கண்ணில் படுகின்றன. ஓஷிவாராவிலோ சோர் பஜாரிலோ பழைய தொட்டில் வாங்குகிறவர்கள் வர்ணத்தையும் பாருங்கள். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் சட்டம் நம் தேசத்தில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் பிள்ளை கம்பியைக் கடிக்காமல் இருக்காது. பழைய வர்ணம் உரிந்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

தொட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் முழுதும் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு முழம் தள்ளியிருக்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் மூத்த மகன் ஐந்து மாதமாயிருந்தபோது பெரிய கட்டிலில் அவனைப் படுக்க வைத்து, சுவர்ப்பக்கம்தானே என்று நம்பித் துணி துவைக்கப் போய்விட்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அவன் அதுவரை புரண்டதில்லை, அன்றுதான் புரண்டான். அழுகைச் சத்தம் ஒரு மாதிரியாக அமுங்கிக் கேட்கவே ஓடிவந்தேன். கால்களும் இடுப்பும் இடுக்கில் இறங்கி, மார்பு அளவில் மாட்டிக்கொண்டிருந்தான். கர்த்தர் அன்று என் செவியைத் திறந்தார். ஆனால் இடுக்கை வைத்தது நான்.

தூளியைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் தூளியைப் பழிக்கமாட்டேன். நானும் அம்மாவின் பழைய வாயில் புடவையில் ஆடி வளர்ந்தவள்தான். என் பிள்ளைகளையும் கோரஸ் பாடி அதிலே ஆட்டியிருக்கிறேன். சின்ன வீட்டுக்கு அதைவிட ஏற்ற பொருள் இல்லை. அவிழ்த்துச் சுருட்டினால் ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிடும். ஆனால் சில காரியங்களை நம்முடைய பாட்டிமார் எப்போதும் யாராவது பக்கத்தில் இருக்கும் வீட்டில் செய்தார்கள், நாமோ தனியாயிருந்து செய்கிறோம். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்பதில்லை. துணி வளைந்து குழியும்போது தாடை மார்பில் முட்டி மூச்சு தடைபடக்கூடும். ஆகையால் அழுகையை அமர்த்தத் தூளி, தூங்கியபின் சமமான படுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் தூளியில் விடாதீர்கள். மின்விசிறிக் கொக்கியில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது ஆடும் பாரத்துக்காகப் போடப்பட்டதல்ல. ஸ்பிரிங் மாட்டுகிறவர்கள், ஸ்பிரிங் அறுந்தாலும் தூளி விழாதபடி ஒரு கயிற்றையோ சங்கிலியையோ கூடச் சேர்த்துக் கட்டுங்கள். தூளியின் அடிப்பாகம் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. கீழே பாய் விரித்திருங்கள். பிள்ளை புரளவோ எழுந்து உட்காரவோ முயன்றால் அதன் தூளிக் காலம் முடிந்தது.

இன்னொன்று, இதைச் சொல்ல மனம் கனக்கிறது. தூளிப் புடவையில் ஊஞ்சல் ஆடிய மூத்த பிள்ளைகள், முறுக்கிச் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகி இறந்த செய்தி பத்திரிகைகளில் மறுபடியும் மறுபடியும் வருகிறது. எட்டு வயதும் பத்து வயதுமான பிள்ளைகள். குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் புடவையை அவிழ்த்து மேலே முடிந்து வைக்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

ஆணி அடிக்க அனுமதி இல்லாத வாடகை வீடுகளுக்கு இரும்புத் தாங்கி உண்டு. குஜராத்திகள் தங்கள் வீடுகளில் வைத்திருக்கும் கோடியுவை அகமதாபாத்தில் உள்ளவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கால்கள், நடுவே குழாய், அதில் தொங்கும் துணித் தொட்டில். மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடலாம். வாங்குமுன் கடையிலேயே அதைப் பலமாக ஆட்டிப் பாருங்கள். கால்கள் அகன்று நிற்க வேண்டும், ஆட்டும்போது தரையை விட்டு எழும்பக்கூடாது, நான்கு காலிலும் ரப்பர் புஷ் இருக்க வேண்டும்.

"வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது" என்பதும், பிறக்குமுன் எதுவும் வாங்கக்கூடாது என்பதும் நம் ஊர்ப் பழக்கங்கள். கருப்புக் கயிற்றையும் திருஷ்டிப் பொட்டையும் விட்டுவிட்ட விசுவாசி இந்தப் பயத்தையும் விட்டுவிடலாம். ஆனால் மாமியாரிடம் வாதாடவும் வேண்டாம். வலை, கெட்டி மெத்தை, நாலைந்து பருத்திச் சட்டைகள், துணி லங்கோட்டுகள் இரண்டு டஜன். இவை மட்டும் ஆயத்தமாய் இருந்தால் போதும். மற்றவை பிறந்தபின்தான் தேவைப்படும். துணிகளை அதிகமாக வாங்கவே வேண்டாம். அன்னாள் சாமுவேலுக்கு வருஷந்தோறும் புதிய சின்ன அங்கி தைத்துக்கொண்டு போனாள் என்று வாசிக்கிறோம்; பிள்ளைதான் வளர்ந்துகொண்டே இருந்தானே! பிறந்த அளவுச் சட்டை சில வாரங்களில் சின்னதாகிவிடும். லங்கோட்டு உலர்த்துவதுதான் மும்பை மழையில் பெரும்பாடு. கப்பியில் கயிறு கட்டிக் கூரையருகே ஏற்றி இறக்கும் கம்பியை, தூளி கட்டிய இடத்துக்கு நேர்மேலே வைக்காதீர்கள்.

வாக்கர் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அது நடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. நடக்கத் தெரியாத பிள்ளைக்குச் சக்கரத்தைக் கட்டி அடுப்பங்கரைக்கும் மாடிப்படிக்கும் அனுப்புகிறது. கனடா தேசத்தில் 2004 முதல் அதை விற்கவே கூடாது, பழையதையும் விற்கக்கூடாது. உயர்ந்த நாற்காலியும் வேண்டாம். நாம் தரையில் சம்மணமிட்டு உண்கிறவர்கள், பிள்ளையும் நம்மோடு உட்காரட்டும். தள்ளுவண்டி நம்முடைய கலியில் போகாது, மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறாது. அதற்குப் பதிலாக உடம்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை நல்லது. குழந்தையின் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரியும்படியும், குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்திலும், தாடை மார்பில் புதையாமலும் இருக்க வேண்டும். அதைக் கட்டிக்கொண்டு அடுப்பண்டை நிற்காதீர்கள். பாலூட்டும் புட்டிக்கு விளம்பரம் செய்வதே நம் தேசத்தில் 1992-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். தாய்ப்பாலைப் பிழிந்து கொடுக்க நேர்ந்தால் வீட்டுச் சங்கே போதும். பொம்மைகளில் 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள்.

மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், நடுவே மூத்தது, மடியில் கைக்குழந்தை என்று ஆராதனைக்கு வரும் சகோதரரே, இது உங்களுக்கு. 2023 பிப்ரவரியிலிருந்து, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு பட்டையால் பிணைக்க வேண்டும், ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை தலைக்கவசம் வேண்டும், நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மிஞ்சக்கூடாது என்பது விதி. தொட்டிலுக்குத் தவணை கட்ட நினைக்கும் பணத்தில் இந்தப் பட்டையும் கவசமும் தாராளமாக வரும்.

கடைசியாக, எந்தக் கடையிலும் குழந்தைச் சாமான் என்று விற்காத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மூடி. எங்கள் பகுதியில் இரண்டு கலி தள்ளி ஒரு வீட்டில், தவழும் பருவத்துப் பிள்ளை ஒன்று, மோரியில் பிடித்து வைத்திருந்த அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்து மரித்தது. தாய் அடுப்பில் இருந்தாள். கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டு தூரம். சத்தமே இல்லை. தலை கனத்த அந்த வயதில் விழுந்த பிள்ளை தானாக எழும்ப முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். தண்ணீர் ஒரு வேளை மட்டும் வரும் நம் வீடுகளில் வாளியும் டிரம்மும் நிறைந்தே நிற்கின்றன. அடக்க ஆராதனையில் ஒரு மூதாட்டி, "கர்த்தர் கொடுத்தார், எடுத்துக்கொண்டார், நாம் என்ன செய்ய முடியும்" என்றார். அந்தத் தாயைத் தேற்ற அதைச் சொன்னார். நான் அவரைக் குறை கூறவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புது வீடு கட்டுகிறவன் ஒருவனும் விழுந்து இரத்தப்பழி வராதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று கர்த்தரே கட்டளையிட்டிருக்கிறார் (உபாகமம் 22:8). தம்முடைய ஜனத்தைக் காக்கிற தேவன் சுவரையும் கட்டு என்கிறார். நம்முடைய வீடுகளுக்கு மாடி இல்லை. டிரம்மும் வாளியும் இருக்கின்றன.

டிரம்முக்கு இறுக்கமாகத் திருகும் மூடி வாங்குங்கள். டெங்கு கொசு முட்டையிடுவதும் அந்தத் தண்ணீரில்தான், இரண்டுக்கும் ஒரே மருந்து. உபயோகித்த வாளியைக் கவிழ்த்து வையுங்கள். மோரிக்கு முழங்கால் உயர மரத்தடுப்பு ஒன்றைத் தச்சர் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். மாளா ஏணிக்கும் அப்படியே. பீரோவைச் சுவரோடு இணைத்துக் கட்டுங்கள். கட்ட முடியாத வாடகை வீடானால் கனமானவற்றைக் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைப் பூட்டியே வையுங்கள். குழந்தை படுக்கும் இடத்துக்கு நேர்மேலே அலமாரிப் பலகையோ கடிகாரமோ வேண்டாம்.

சபையாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. குழந்தைப் பிரதிஷ்டைக்குப் பத்துக் குடும்பங்கள் பத்துப் பரிசு கொண்டுவருகிறீர்கள். எங்கள் சபையில் ஒரு பிள்ளைக்கு ஆறு பவுடர் பெட்டிகள் வந்தன. சூனேம் ஊராள் எலிசாவுக்கு ஒரு சின்ன அறையில் கட்டிலும் மேஜையும் நாற்காலியும் விளக்கும் வைத்தாள். அவனுக்கு எது தேவை என்று முன்பே யோசித்திருந்தாள். அப்படியே, முந்தின வாரம் தாயிடம் கேட்டு, சகோதரிகள் கூட்டத்தில் பங்கிட்டுக்கொள்ளலாமே. உபயோகித்து முடிந்த நல்ல சாமான்களைப் பரணில் தூசி படிய வைக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாமே.

நான் முதலில் சொன்ன சகோதரிக்குக் கர்த்தர் சுகப்பிரசவத்தைக் கட்டளையிட்டார், பெண் குழந்தை. தவணை போடப்படவில்லை. கணவர் தாமே பலகை மேடையைச் செய்தார்; ஒரு மூலை சற்று ஏறியிருக்கிறது, அட்டை வைத்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள். வலை வாங்கினார்கள், டிரம்முக்கு மூடி வாங்கினார்கள். தொட்டில் தாங்கி அந்தாப் ஹில்லில் இருக்கும் நம் சபைக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்தது. ஊரிலிருந்து வந்த மாமியார், "இது யார் வீட்டுப் பிள்ளை ஆடின தொட்டில்?" என்று கேட்டு, மூன்று பிள்ளைகள் ஆடியது என்று கேள்விப்பட்டதும் சந்தோஷப்பட்டாராம். இந்தக் குழந்தை இப்போது புரளத் தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் அந்தத் தாங்கி தாராவியில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு காலில் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.